கோஸ்ட் டிரிக் ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையடக்கக் கன்சோலில் ஆட, கதையும் புதிரும் சேர்ந்த கேம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் கோஸ்ட் டிரிக் என்றுதான் சொல்வேன். சொன்ன அடுத்த நிமிடமே கேள்விகள் வரும், அதுவும் எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் நடப்பதைத் தாராளமாகப் பேசுவேன். அதற்குப் பிறகு வருவதைத் தொடும்போது கவனமாக இருப்பேன், முடிவைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

இது என்ன மாதிரி கேம்? ஒரு வரியில சொல்லுங்க.

செத்துப்போன ஒருவன், சுற்றியிருக்கும் பொருட்களுக்குள் புகுந்து அவற்றை ஆட்டி அசைத்து மற்றவர்களின் சாவைத் தடுக்கும் கேம். ஒரு வரி அவ்வளவுதான். மீதியையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

ராத்திரி நேரம், ஒரு பழைய சாமான் கிடங்கு. சிவப்பு கோட் சூட் போட்ட ஒருவன் தரையில் பிணமாகக் கிடக்கிறான். சற்றுத் தள்ளி ஒரு பெண்ணைத் துப்பாக்கியால் குறிபார்த்தபடி இன்னொருவன் நிற்கிறான். பிணமாகக் கிடப்பவன்தான் நாம், பெயர் சிஸ்ஸல். யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், தான் யார், எதுவுமே அவனுக்கு நினைவில்லை. அந்தப் பெண் லின். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஆனால் அவளும் அடுத்த நொடியில் சாகப்போகிறாள். விடிந்தால் தன் ஆவியும் மறைந்துவிடும் என்று சிஸ்ஸலுக்குச் சொல்லப்படுகிறது. ஆக மொத்தக் கதையும் ஒரே ராத்திரியில் நடக்கிறது.

யார் எடுத்தது, எதுல ஆடலாம்?

ஜப்பானிய கேம் நிறுவனமான கேப்காம் வெளியிட்டது. எழுதி இயக்கியவர் ஷூ டக்குமி, நீதிமன்ற வாதங்களை வைத்து வரும் ஏஸ் அட்டர்னி தொடரை உருவாக்கியவர் அவர்தான். நின்டென்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்காக ஜப்பானில் 2010 ஜூனிலும் அமெரிக்கா, ஐரோப்பாவில் 2011 ஜனவரியிலும் வந்தது. பிறகு ஐபோனுக்கும் வந்தது. 2023 ஜூன் 30 அன்று மெருகேற்றிய பதிப்பு ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி என்று நான்குக்கும் வந்தது.

டிஎஸ்ல ஆடணுமா, ஸ்விட்ச்ல ஆடணுமா?

இனிமேல் வாங்கப்போகிறவர்கள் புதிய பதிப்பையே வாங்கலாம், யோசிக்க ஒன்றுமில்லை. நொடிக்கு 60 படங்கள் (ஃபிரேம்) ஓடுவதால் அசைவுகள் முன்பைவிட வழவழப்பாக இருக்கின்றன, படமும் தெளிவு. மசகாசு சுகிமோரியின் பழைய இசை, புதிதாக அமைத்த இசை இரண்டும் உண்டு, எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளலாம். ஓவியங்களைப் பார்க்க ஒரு பகுதி, படத்துண்டுகளை நகர்த்திச் சேர்க்கும் குட்டிப் புதிர்கள், இப்படிச் சில உதிரிகளும் சேர்த்திருக்கிறார்கள். அந்த உதிரிகளை நான் பெரிதாகத் தொடவில்லை, தொடாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

டிஎஸ் கார்ட்ரிட்ஜ் கையில் இருப்பவர்கள் மறுபடி காசு செலவழிக்கத் தேவையில்லை, அதற்கு அடுத்து வந்த 3டிஎஸ்ஸிலும் அது ஓடும். கதையும் புதிர்களும் இரண்டிலும் ஒன்றுதான். டிஎஸ்ஸில் ஒரு சுகம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆவியாக ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குத் தாவுவதை ஸ்டைலஸால் (தொடுதிரைப் பேனா) இழுத்துச் செய்யும்போது, நம் கையே அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது போலிருக்கும். புதிய பதிப்பில் பட்டனிலும் ஜாய்ஸ்டிக்கிலும் ஆடும்போது அந்த உணர்வு கொஞ்சம் குறைகிறது. இதற்காகப் பழைய கன்சோலைத் தேடி அலைய வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

பேய்னு போட்டிருக்கே, பயமா இருக்குமா?

பயமே கிடையாது. ஆவியின் கண்ணால் பார்க்கும்போது உலகம் நிறம் மாறி உறைந்து நிற்கும், பொருட்களுக்குள் இருக்கும் உயிர்ப்புள்ளிகள் மட்டும் மின்னும். அச்சமூட்டும் காட்சி என்று பார்த்தால் அவ்வளவுதான். கதை முழுக்கச் சாவு உண்டு. துப்பாக்கி, விபத்து, தூக்கத்தைக் கெடுக்காத அளவுக்கு எல்லாம் உண்டு. ஆனால் சொல்லும் விதம் நகைச்சுவை. சற்றுமுன் செத்த லின் எழுந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி செத்து, மறுபடி காப்பாற்றப்பட்டு, ஒரு கட்டத்தில் அவளுக்கே அது பழகிப்போகிறது. அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கான தரச்சான்று பெற்ற கேம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், வசனத்தைப் பின்தொடரவே அவர்களால் முடியாது.

எப்படி ஆடுறது? புதிர்னா கணக்கு, சொல்விளையாட்டு மாதிரியா?

இல்லை. பேராசிரியர் லேட்டன் கேம்களில் கதை ஒருபக்கம் நடக்கும், நடுவில் ஒருவர் வந்து தீக்குச்சிப் புதிர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே கதையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிரை மட்டும் போட்டாலும் போடலாம். இங்கே அது முடியாது. ஒருவர் சாகப்போகிறார், அந்த அறையில் இன்னின்ன பொருட்கள் இருக்கின்றன, நீங்கள் அவற்றில் ஒவ்வொன்றாகத் தாவி, எதை எப்போது இயக்கினால் சாவு விலகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். புதிர் என்பதே அதுதான்.

விதிகள் குறைவு. நேரம் நின்றிருக்கும் ஆவி உலகில் ஒரு பொருளிலிருந்து பக்கத்துப் பொருளுக்குத் தாவலாம், ஆனால் எட்டும் தூரம் மிகக் குறைவு. உயிர் உலகத்துக்குத் திரும்பினால் நேரம் ஓடும், அப்போதுதான் புகுந்திருக்கும் பொருளை இயக்க முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு வித்தைதான் தெரியும். ரயில்வே கேட்டின் கம்பி மேலெழும், குடை விரியும், மின்விசிறி சுற்றும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. உயிரோடு இருப்பவர்களுக்குள் புக முடியாது. தூரத்து இடத்துக்குப் போக வேண்டுமானால் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த நாலு நிமிஷம்னு சொல்றாங்களே, அது என்ன?

பிணத்துக்குள் புகுந்தால் அந்த ஆள் சாவதற்கு நான்கு நிமிடம் முன்பு வரை பின்னோக்கிப் போக முடியும். அந்த நான்கு நிமிடத்தை முதலில் பார்வையாளராகப் பார்ப்பீர்கள், எப்படிச் செத்தார் என்று தெரியும். பிறகு அதே நான்கு நிமிடம் மறுபடி ஓடும், இந்த முறை நீங்கள் குறுக்கிடலாம். செத்து ஒரு நாளுக்குள் இருப்பவரைத்தான் இப்படி மீட்க முடியும்.

திரையில் மணல்கடிகாரம் ஓடுவதைப் பார்த்துச் சிலர் பதறிவிடுகிறார்கள். பதற வேண்டாம். மேலே சொன்னபடி ஆவி உலகில் நேரம் நின்றுவிடும், உட்கார்ந்து யோசிக்கலாம், தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தும் யோசிக்கலாம். தோற்றால் தண்டனை ஏதும் இல்லை. மறுபடி நான்கு நிமிடத்தின் தொடக்கத்துக்கே போகலாம். பாதிக்கிணறு தாண்டி விதியைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் அந்த இடத்திலிருந்தே தொடரலாம்.

இங்கிலீஷ் அவ்வளவா வராது, சமாளிக்க முடியுமா?

தமிழில் இல்லை. குரல் நடிப்பும் கிடையாது, எல்லாம் எழுத்துதான், அதுவும் நிறைய எழுத்து. ஆனால் வசனங்கள் சின்னவை, பேச்சுமொழியில் இருக்கும், நீங்கள் பட்டனை அழுத்தும்வரை பெரும்பாலும் காத்திருக்கும். சப்டைட்டிலோடு ஆங்கிலப் படங்களைப் பார்த்துப் பழகியவர் யாரும் சமாளித்துவிடலாம். சிரமம் வருவது நகைச்சுவையில்தான், சில பாத்திரங்கள் வேண்டுமென்றே வார்த்தையை இழுத்து நீட்டிப் பேசுவார்கள். அதில் பாதி புரியாமல் போனாலும் கதை புரியும்.

எவ்வளவு நேரம் ஓடும்? நடுவுல விட்டா மறந்துடுமா?

மொத்தம் 18 அத்தியாயங்கள், நிதானமாக ஆடினால் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கையடக்கக் கன்சோலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அத்தியாயங்கள், படுக்கப்போகும் முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் (ஒன்றோடு நிறுத்த முடிந்தால்). நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் மறக்கும், நிச்சயம் மறக்கும். பெயர்கள் அதிகம், யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான் கதையே. அத்தியாயத்தின் இடையிடையே இதுவரை தெரிந்ததைச் சிஸ்ஸல் தனக்குத்தானே தொகுத்துச் சொல்லிக்கொள்வான், அது உதவும். ஆனால் நீண்ட இடைவெளிக்கு அது போதாது.

நாய் செத்துப்போகுமா? அதை மட்டும் சொல்லுங்க, அப்புறம்தான் ஆடுவேன்.

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாவது அத்தியாயத்தில் மிசைல் என்ற பொமரேனியன் நாய் சாகிறது. ஆனால் இது சாவைத் திரும்பப் பெறும் கேம், மேலே நான்கு நிமிடம் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். தைரியமாக ஆடுங்கள்.

மிசைலைப் பற்றி இன்னும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதைகளில் வரும் நாய்கள் பெரும்பாலும் அழகுக்காக வரும், இல்லை அழவைக்க வரும். மிசைல் அப்படி இல்லை, அதற்கென்று ஒரு குணம் உண்டு. எஜமானியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணம், அதைச் செய்யத் தெரிந்ததெல்லாம் குரைப்பது மட்டும். டக்குமி வளர்த்த பொமரேனியனுக்கும் மிசைல் என்றுதான் பெயர். எழுதியவருக்கு அந்த நாயின் மேல் எவ்வளவு பாசம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. கேமில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் யோசிக்காமல் நாய் என்பேன்.

படம் பழசா இருக்கே, கார்ட்டூன் மாதிரி. இதுல என்ன பெருமை?

நிழற்படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அசைவைப் பாருங்கள். பாத்திரங்களை முதலில் முப்பரிமாணத்தில் உருவாக்கி அசைத்து, அந்த அசைவைத் தட்டையான படங்களாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். டிஎஸ் மாதிரி சின்ன இயந்திரத்தில் அவ்வளவு நுணுக்கமான உடல்மொழியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கபனேலா என்று ஒரு போலீஸ் அதிகாரி வருவார், வெள்ளைக் கோட்டும் சிவப்புத் துண்டுமாக. அவர் நடப்பதில்லை, நடனமாடிக்கொண்டே வருகிறார். படியிறங்கி வரும் முதல் காட்சியிலேயே இந்த ஆள் எப்படிப்பட்டவர், எவ்வளவு தன்னம்பிக்கை, எவ்வளவு அலட்டல் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடும். சிறைச்சாலையில் ஒரு காவலாளிக்குப் பதற்றம் வந்தால் கைகால்களை உதறி ஓர் ஆட்டம் போடுவார். பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆட்டமே நாம் பயன்படுத்த வேண்டிய ஒரு துப்பாகிவிடும்.

ஆட்களைத் தூரத்திலிருந்து, பக்கவாட்டில், பொம்மை வீட்டின் சுவரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது போலத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். முகம் சரியாகத் தெரியாது, அதனால் உடம்பே பேச வேண்டியிருக்கிறது.

புதிர்கள் ரொம்பக் கஷ்டமா?

முதல் பாதி எளிது. சொல்லப்போனால் ரொம்பவே எளிது, துணைக்கு இருப்பவர்கள் எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் பாதியில் பிடி இறுகும். எந்தப் பொருளை இயக்குவது என்று தெரிந்தாலும் எந்த நொடியில் இயக்குவது என்பதில் சறுக்கும். ஒரு பொருள் நகர்ந்து பக்கத்தில் வரும் அந்த ஒரு கணத்தில் தாவ வேண்டும், விட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான். விடை தெரிந்த பிறகும் அதைச் செய்து காட்டத் திரும்பத் திரும்ப அதே நான்கு நிமிடத்தைப் பார்க்க வேண்டியிருப்பது அலுப்பு. வேகமாக ஓட்ட வசதி இருப்பதால் பிழைத்தோம்.

பிற்பகுதியில் சிஸ்ஸலிடம் இல்லாத வேறொரு திறமை ஆட்டத்துக்குள் வரும். யாருடையது, எப்படி வருகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். இரண்டு திறமைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அந்த அத்தியாயங்கள்தான் புதிர் என்ற அளவில் கேமின் உச்சம்.

ஒரே ஒரு தீர்வுதான் இருக்குமா? நம்ம இஷ்டத்துக்குச் செய்ய முடியாதா?

ஆமாம், பெரும்பாலும் ஒரே வழிதான். நீங்கள் இன்னொரு நல்ல யோசனையை வைத்திருந்தாலும் கேம் கேட்காது. இது நியாயமான குறைதான், மறுக்கவில்லை.

ஆனால் இதை மாற்றியிருந்தால் நமக்குக் கிடைத்த கேம் இதுவாக இருக்காது. ஒவ்வொரு நான்கு நிமிடமும் ஒத்திகை பார்த்த நாடகக் காட்சி மாதிரி அளந்து அமைத்தது, யார் எந்த நொடியில் திரும்புவார், எங்கே சாய்வார், எது உருளும் எல்லாமே கணக்கு. இரண்டாவது அத்தியாயத்தில் கமிலா என்ற சிறுமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். வாசலில் கொலைகாரன் வந்து நிற்பதும் தெரியாது, மிசைல் தொண்டை கிழியக் குரைப்பதும் காதில் விழாது. அந்த ஹெட்போன்தான் கதையில் அவளுடைய ஆபத்து, புதிரில் நாம் சமாளிக்க வேண்டிய பொருளும் அதுவேதான். இன்னொரு வழியும் உண்டு என்று பத்துப் பொருளைச் சேர்த்துவிட்டால், ஹெட்போனைப் பார்த்ததும் வரும் அந்தத் தவிப்பு போய்விடும்.

கதைக்காக ஆடணுமா, புதிருக்காக ஆடணுமா?

இதற்குத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. மற்ற கேம்களில் புதிரைப் போட்டதற்குப் பரிசாகக் கதையில் ஒரு துண்டு கிடைக்கும். இங்கே புதிரைப் போட நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுவே கதையின் அடுத்த நிகழ்ச்சி. ஒருவரைக் காப்பாற்றப் பார்க்கும்போதே அவர் எப்படிப்பட்டவர், எதை மறைக்கிறார், யாருக்காகப் பொய் சொல்கிறார் என்றெல்லாம் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் அது தெரியாமல் காப்பாற்றவே முடியாது.

எட்டும் தூரம் குறைவு என்ற விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிருக்கு அது ஒரு தடை, அவ்வளவுதான். கதையில் அது வேறு மாதிரி வலிக்கும். ஒரு சாண் தள்ளி ஒருவர் சாகிறார், தாவ நடுவில் ஒரு பொருள் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிஸ்ஸலுக்கு வரும் கோபமும் நமக்கு வரும் கோபமும் அந்த நொடியில் ஒன்றுதான்.

மாட்டிக்கிட்டா வழிகாட்டி பாக்கலாமா?

பார்க்கலாம், அதில் என்ன வெட்கம். ஆனால் எழுத்தில் இருக்கும் வழிகாட்டியைப் பாருங்கள், அதிலும் மாட்டிய அந்த ஒரு படியை மட்டும். காணொளியைத் திறந்தால் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் கருத்துகளிலும் யாராவது முக்கியமான ஒன்றை உளறியிருப்பார்கள். விக்கி பக்கங்களில் பாத்திரங்களின் பெயரைத் தேடுவது இன்னும் மோசம், முதல் பத்தியிலேயே எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். எந்தப் பொருளையும் தொடாமல் நான்கு நிமிடத்தையும் ஓடவிட்டு, ஆட்களைப் பார்க்காமல் பொருட்களை மட்டும் பாருங்கள். எது தானாக நகர்கிறது, எதை யார் தொடுகிறார்கள் என்று கவனித்தாலே பாதி விடை வந்துவிடும்.

யூடியூப்ல முழுசாப் பார்த்துட்டேன். இனிமே ஆடணுமா?

உண்மையைச் சொன்னால், முதல்முறை ஆடும் சுகம் போய்விட்டது. அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. இருந்தாலும் ஆடலாம் என்றுதான் சொல்வேன், கொஞ்ச காலம் கழித்து. புதிரின் விடைகள் மறந்திருக்கும், கதையின் பெரிய திருப்பம் மட்டும் நினைவில் இருக்கும், அந்த நிலையில் ஆடினால் இரண்டாம் முறை ஆடுபவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் கிடைக்கும். அது என்ன என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ஒரு தடவை முடிச்சா மறுபடி ஆட என்ன இருக்கு?

புதிராகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, விடைதான் தெரியுமே. கதைக்காகக் கட்டாயம் ஒரு முறை திரும்ப ஆடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே, கண்ணுக்கு எதிரே, சிரித்துக்கொண்டே எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. வேடிக்கைக்காக வைத்த வசனம் என்று நினைத்துக் கடந்துபோனவை, பாத்திரத்தின் சின்ன வினோதம் என்று விட்டுவிட்டவை, ஒன்றுகூட வீண் இல்லை. உதாரணம் சொல்லக் கை அரிக்கிறது, சொல்ல மாட்டேன். இப்போதைக்கு, சிஸ்ஸல் தனக்குத் தெரியாது என்று சொல்வதையெல்லாம் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

இதுல பிடிக்காததே இல்லையா? எல்லாம் புகழ்ச்சியாவே இருக்கே.

இருக்கிறது. நேரம் பார்த்துத் தாவும் புதிர்களின் அலுப்பை மேலே சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரிய குறை, விளக்கம் அதிகம். சற்றுமுன் நாமே கண்ணால் பார்த்ததை இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி பேசுவார்கள், நமக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தும் மூன்றாவது ஆள் கேள்வி கேட்பார். நடுவில் சில அத்தியாயங்களில் இது ரொம்பவே இழுக்கிறது. கடைசி அத்தியாயங்களில் இதற்கு நேரெதிர், அதுவரை ஒளித்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள், ஓர் உண்மையை ஜீரணிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அப்புறம், தற்செயல்கள் அதிகம். ஒரே ராத்திரியில் இத்தனை பேருடைய வாழ்க்கை இத்தனை நேர்த்தியாக ஒன்றில் ஒன்று முட்டிக்கொள்வதை நம்பத் தயாராக இருக்க வேண்டும். எனக்கு அது உறுத்தவில்லை, உறுத்துகிறது என்று சொல்பவர்களோடு வாதாடவும் மாட்டேன்.

அடுத்த பாகம் இருக்கா? இது பிடிச்சா வேற என்ன ஆடலாம்?

அடுத்த பாகம் வரவில்லை. கதை முழுமையாக முடிந்துவிடுகிறது, எனக்கு அடுத்த பாகம் வேண்டவும் வேண்டாம்.

டக்குமியின் எழுத்து பிடித்திருந்தால் ஏஸ் அட்டர்னியின் முதல் மூன்று கேம்கள். முதலாவது 2001இல் கேம்பாய் அட்வான்ஸில் வந்தது, இப்போது எல்லாக் கன்சோலிலும் தொகுப்பாகக் கிடைக்கிறது. தனித்தனிப் புதிர்கள் வேண்டும் என்றால் பேராசிரியர் லேட்டன். லேட்டனும் ஏஸ் அட்டர்னி நாயகனும் சேர்ந்து வரும் ஒரு 3டிஎஸ் கேமுக்கும் டக்குமி கதை எழுதியிருக்கிறார். இருட்டான கதை வேண்டும் என்றால் கோட்டாரோ உச்சிகோஷி எழுதிய 999, ஒன்பது பேர், ஒன்பது மணி நேரம், ஒன்பது கதவுகள். அதில் ரத்தம் அதிகம், ஆனால் கன்சோலின் அமைப்பையே கதையில் சேர்த்துக்கொண்ட விதம் பிரமாதம். நிதானமாக, மழைநாளில் நாவல் படிப்பது போல வேண்டும் என்றால் டிஎஸ்ஸைப் புத்தகம் மாதிரி செங்குத்தாகப் பிடித்து ஆடும் ஹோட்டல் டஸ்க். அதை எடுத்த சிங் நிறுவனம் 2010இல் மூடப்பட்டுவிட்டது.

நாலு நிமிஷம் பின்னாடி போய் மாத்தினா, பழைய நாலு நிமிஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதுல குழம்பிட்டேன்.

செத்து, ஆவியாக விழித்து, சிஸ்ஸலோடு பேசியவர்களுக்கு நினைவிருக்கும். லின் ஒவ்வொரு முறை காப்பாற்றப்பட்ட பிறகும் அவனோடு தொடர்ந்து பேச முடிவது அதனால்தான். அந்த நேரத்தில் உயிரோடு இருந்தவர்களுக்கு மாறிய பிறகு நடந்ததுதான் உண்மை, அதற்கு முன்பு வேறு ஒன்று நடந்தது என்பதே தெரியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். யார் எதை அறிவார், யார் அறிய மாட்டார் என்பதை வைத்துத்தான் பின்னால் பல காட்சிகள் நகர்கின்றன.

எல்லாரையும் காப்பாத்துறான், தன்னை மட்டும் ஏன் காப்பாத்திக்கல? கதையில ஓட்டைதானே?

நல்ல கேள்வி, முதல் அத்தியாயம் முடிந்ததுமே எல்லாருக்கும் வரும். கிடங்கில் தன் பிணம் கிடக்கிறது, அதற்குள் புகுந்து நான்கு நிமிடம் பின்னால் போனால் வேலை முடிந்தது அல்லவா? தொடக்கத்தில் அவனுக்கு அவகாசமே தருவதில்லை, லின்னைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. அதைச் சாக்கு என்று நினைத்தால் தவறில்லை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

எழுதியவர் இந்தக் கேள்வியை மறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கேட்டதற்குப் பதில் உண்டு, அதுவும் போகிறபோக்கில் சமாளிக்கும் பதில் இல்லை. ஓட்டை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 18ஆவது அத்தியாயம் முடிகிறவரை அழிப்பானைக் கையில் வைத்திருங்கள்.

முடிச்சுட்டேன். ஆனா கடைசியில எல்லாத்தையும் மாத்திட்டாங்களே, அப்ப இவ்வளவு நேரம் ஆடினதுக்கு அர்த்தமே இல்லையே?

ஆடாதவர்கள் இந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லாமல்தான் பேசப்போகிறேன், ஆனாலும்.

மேலே யாருக்கு நினைவிருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அந்த விதி கடைசிக் காட்சிக்கும் அப்படியே பொருந்துகிறது. நடந்தது அழிந்துவிட்டது என்பது ஊருக்கு. நினைவில் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் அதன் பிறகு ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள், யார் யாருக்காக என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். அதிலும் ஒருவர் காத்திருந்த காலத்தை யோசித்துப் பாருங்கள், அதை எந்த மாற்றமும் அழிக்கவில்லை. அதற்குப் பிறகும் அர்த்தமில்லை என்று தோன்றினால் எழுதுங்கள், அந்தக் காட்சியை வைத்தே பேசுவோம்.